மாவட்டத்திலேயே சந்தோஷமான வகுப்பு

பிள்ளைகள் அடித்துக்கொள்வதற்குக் கால்மணி நேரம் முன்பே அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது, கண்டுபிடித்து யாரிடம் சொல்வது என்பதுதான் தாமோதரம் நினைவு மேல்நிலைப் பள்ளியில் முதல் சிக்கலாக இருந்தது. தலைமையாசிரியர் பரமானந்தம் ஆசிரியர்கள் கூட்டம் போட்டார். கோபத்தோடு இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆதரவாகப் பேச ஓர் ஆசிரியர் வேண்டும் என்றார். கணக்கு ஆசிரியர் பாடம் முடியவில்லை என்றார். தமிழாசிரியருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அறிவியல் ஆசிரியை தனக்கே ஆதரவு தேவைப்படுவதாகச் சொன்னார். உடற்கல்வி ஆசிரியை சௌந்தரவல்லி மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆகவே அவரே ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

‘ஆகவே’ என்பது தலைமையாசிரியரின் சொல். அது இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியமும் நகராது.

கருவியை மாட்டுவதற்குச் சென்னையிலிருந்து நஸ்ரின் என்ற இளம் பொறியாளர் வந்தார். அரசாங்கம் அதற்கு ‘முன்னறிவான்’ என்று பெயர் வைத்திருந்தது. கறுப்பாக, உள்ளங்கை அளவில், இரண்டு காதுகளோடு கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியதால் பிள்ளைகள் முதல் மணி நேரத்திலேயே அதை ‘வவ்வால்’ ஆக்கிவிட்டார்கள்.

“அவங்க என்ன பேசறாங்கன்னு இது கேக்காது மேடம்,” என்று நஸ்ரின் விளக்கினார். “குரல் எப்படி நடுங்குது, மூச்சு எப்படிப் போகுது, வேர்வை வாசம் எப்படி மாறுது, அவ்வளவுதான். கோபம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி உடம்புக்கு வந்துடும். அந்த நேரத்துல யாராவது பக்கத்துல போய் உக்காந்தா பாதிக் கோபம் அங்கேயே கரைஞ்சுடும்.”

“உக்காந்து திட்டலாமா?”

“கூடாது மேடம்.”

“விசில்?”

“அதுவும் வேண்டாம்.”

சௌந்தரவல்லி கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். ஒரு காலத்தில் மாநில ஹாக்கி அணிக்குக் கோல் காத்தவர். அவருடைய குரல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலையும் விசிலையும் எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

நஸ்ரின் அவர் காதில் ஒரு சின்ன இயர்ஃபோனை மாட்டிவிட்டு, மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தார். என்ன ஆச்சு? அது உடம்பில் எங்கே தெரியுது? நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கட்டுமா?

முதல் அழைப்பு மறுநாளே வந்தது. ‘எட்டு ஏ, இரண்டாம் பெஞ்சு’ என்று காதுக்குள் ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது. சௌந்தரவல்லி போய், சங்கிலிப்பாண்டி என்ற பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. அணிவகுப்பை நிறுத்தும் குரலில் “என்னல ஆச்சு?” என்றார். பையன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பிரம்படிக்கு நீட்டினான்.

“அடிக்க வரலல. கைய மடக்கு,” என்றார் சௌந்தரவல்லி. அது அவனுக்கு இன்னும் பெரிய பயமாகிவிட்டது. அழுதான். அவன் அழுவதைப் பார்த்து முன்பெஞ்சும் அழுதது.

இப்படி ஒரு வாரம் போனது. இரண்டாவது கேள்விதான் கடைசியில் கைகொடுத்தது. உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் வயிற்றைக் காட்டினார்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். பதினொரு மணிக்கு வரும் சண்டைகளில் பெரும்பாலானவை பசியால் வருபவை என்று சௌந்தரவல்லி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து அவர் பையில் கடலைமிட்டாய் இருந்தது. கோபக்காரப் பையனுக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு. இரண்டு பேரும் மென்று முடிப்பதற்குள் கேள்வி கேட்கவேண்டிய அவசியம் பல நேரம் இல்லாமல் போனது.

ஆனால் கோபம் வந்தால் கடலைமிட்டாய் உண்டு, கணக்குப் பாடம் இல்லை என்ற செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. வவ்வாலிடம் நடிக்க முடியாது. சும்மா கத்தினால் அது கண்டுகொள்ளாது. ஆகவே பிள்ளைகள் நிஜமாகவே கோபப்பட வேண்டியிருந்தது. கணக்குப் பாடத்துக்கு முன்னால் நண்பனைக் கூப்பிட்டு, “ஏல, எங்க அப்பா மீசையப் பத்தி ஏதாச்சும் சொல்லுல” என்று கேட்கத் தொடங்கினார்கள். நண்பர்களும் மனமுவந்து சொன்னார்கள். சிலர் அதில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். ஒருநாள் ஒரு மீசை விவகாரம் எல்லை மீறி, கணக்கு ஆசிரியரின் கண்ணாடி உடைந்தது. சௌந்தரவல்லி அன்றோடு முறையை மாற்றினார். இடைவேளையில் பள்ளிக்கூடம் முழுவதற்கும் கடலைமிட்டாய். கோபம் வந்தவனுக்கு அவர் மட்டும்தான். பக்கத்தில் உட்காருவார், அவ்வளவே.

எதிர்பாராத விதமாக அது பலித்தது. அடிதடி குறைந்தது. பிறகு கிட்டத்தட்ட நின்றேபோனது. அவருடைய குரல்கூடக் கொஞ்சம் இறங்கியது. ரயில்வே கேட் பக்கம் இருந்தவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

டிசம்பரில் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எல்லாப் பள்ளிகளின் முன்னறிவான்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பு பி பிரிவுதான் மாவட்டத்திலேயே சந்தோஷமான வகுப்பாம். கோபம் இல்லை, பயம் இல்லை, நாள் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை நேரில் வந்து, அந்த வகுப்பறையிலேயே கேடயம் கொடுப்பார். தலைமையாசிரியர் தலைகால் புரியாமல் வராந்தாவில் நடந்தார். “சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒரு கேடயம் வாங்கினதில்ல டீச்சர். ஆகவே,” என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றுவிட்டார்.

அந்த வாரத்தில்தான் ரோசம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்ப்பவள். ஏழாம் வகுப்பு பி பிரிவில் படிக்கும் ஜெபசிங்குக்கு அத்தை. பஸ் பாஸில் கையெழுத்து வாங்க வந்தவள், சௌந்தரவல்லியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல அம்மான்னு சொல்லக்கூடாதுன்னு ஏதும் சட்டம் போட்டிருக்கீங்களா டீச்சர்?”

“யாரு போட்டா? ஏன் கேக்கீங்க?”

“இவங்கம்மா குவைத்துல ஒரு வீட்டுல பிள்ள பாக்குதால்லா. ஞாயித்துக்கிழமதான் பேசுவா. முந்தியெல்லாம் அம்மா அம்மான்னு இவன் ஃபோனக் குடுக்கவே மாட்டான். இப்ப ‘ஹலோ, சொல்லுங்க’ங்கான். பேங்குல இருந்து பேசுத மாதிரி. அவ அங்கன இருந்து அழுதா, மகன் நம்மள மறந்துட்டானேன்னு.”

சௌந்தரவல்லி விசாரித்தார். அதிகம் விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, வகுப்புக்கே தெரிந்த கதைதான். ஜூன் மாதத்தில் ஒருநாள் ஜெபசிங் அறிவியல் ஆசிரியையிடம் சந்தேகம் கேட்க எழுந்து, வாய் தவறி “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டான். வகுப்பு சிரித்தது. எந்த வகுப்பும் சிரிக்கும். ஆனால் ஏழு பி-யில் வைரமணி இருந்தான். வகுப்புத் தலைவன், நல்ல பையன், பிறவிக் கோமாளி. அவன் மறுநாளும் அதை நினைவு வைத்திருந்தான். ஜெபசிங் பேச எழுந்தாலே “அம்மா” என்று இழுத்துப் பாடுவான், வகுப்பு சேர்ந்து பாடும். வாரத்துக்கு ஒரு மாறுதல் செய்வான். தாலாட்டு, பால்புட்டி, இடுப்பில் தூக்கிக் கொஞ்சுவது. யாருக்கும் கோபமில்லை. யாரும் யாரையும் தொடவில்லை. ஜெபசிங்கும் கூடவே சிரித்தான். வவ்வால் மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுப் பச்சை விளக்கு எரித்தது.

சௌந்தரவல்லி அன்றைக்குப் பின்வாசல் பக்கம் நின்று வகுப்பைப் பார்த்தார். ஜெபசிங் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்தான். அவர் அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்குவதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

மைதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகளையும் கேட்டார். மூன்றுக்கும் அவன் “சும்மா வெளயாட்டுக்குத்தான் டீச்சர்” என்றே பதில் சொன்னான். சொல்லும்போதும் சிரித்தான்.

அவர் சென்னைக்கு ஃபோன் போட்டார்.

“கருவியைப் பொறுத்தவரைக்கும் அது சிரிப்புதான் மேடம்,” என்றார் நஸ்ரின். “சிரிப்பு இருந்தா பச்சைன்னுதான் நாங்க சொல்லிக் குடுத்திருக்கோம்.”

“இவன் முன்னாடியே சிரிக்கானேம்மா.”

“எதுக்கு முன்னாடி?”

“மத்தவன் வாயத் தொறக்கதுக்கு முன்னாடி. நான் கோலியா நின்னவ. பந்து வர்றதுக்கு முந்தியே ஒருத்தி கீழ விழுதான்னா அவ பயந்து போயிருக்கான்னு அர்த்தம். இவன் அப்படித்தான் விழுதான்.”

அந்தப் பக்கம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு நஸ்ரின், “அதை நாங்க யாருமே பாக்கல மேடம்,” என்றார்.

தலைமையாசிரியரிடமும் போய்ச் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டார். பாவம் பையன் என்றார். பிறகு, வியாழக்கிழமை கேடயம் வருகிறது, ஆகவே வெள்ளிக்கிழமை எது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினார். சௌந்தரவல்லி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வைரமணியை ஹாக்கிக் கம்புகளை எடுத்துவைக்கச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. “அவனே சிரிக்கான் டீச்சர். அவனுக்குப் பிடிச்சிருக்கு. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

“கேட்டேன். பிடிச்சிருக்குன்னுதான் சொல்லுதான். நீ ஒண்ணு செய்யி. நாளைக்கு நீ பாடாத. அவன் மொகத்த மட்டும் பாத்துட்டு இரு. யாரு முதல்ல சிரிக்கான்னு எனக்கு வந்து சொல்லு.”

“அத எதுக்கு நான் பாக்கணும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் போனான்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். நல்ல மனிதர், நாள் முழுக்க விழாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து களைத்திருந்தார். கழுத்தில் மாலையோடு ஏழு பி-யில் நின்று, கேடயத்தைத் தலைமையாசிரியரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சந்தோஷமான பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார். “எங்கே, யாராவது எழுந்து எனக்கு ஒரு பாட்டுப் பாடுங்க பார்ப்போம்,” என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ ஜெபசிங்கை முதுகில் தள்ளிவிட்டார்கள். அவன் எழுந்து நின்றான், நிற்கும்போதே சிரித்தான். வகுப்பு முழுக்க “அம்மாஆஆ” என்று இழுத்தது. என்னவென்று தெரியாமலே அதிகாரியும் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று தலைமையாசிரியரும் சிரித்தார்.

வைரமணி சிரிக்கவில்லை. அவன் திரும்பி உட்கார்ந்து ஜெபசிங்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததை நம்ப முடியாதவன் மாதிரி கழுத்தை நீட்டி இன்னும் கிட்டப் பார்த்தான். பிறகு எழுந்து, “ஏல, நிறுத்துங்கல,” என்றான்.

இதுவும் புதிய மாறுதல்தான் என்று நினைத்து வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அவனுடைய உயிர்நண்பன் மாசானம், “இன்னைக்கு நீதான் அம்மாவால?” என்று கேட்டு அவன் கன்னத்தைக் கிள்ளினான். வைரமணி ஒன்று வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை யாரும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பெஞ்சு கவிழ்ந்தது. மாசானம் கையை ஓங்கியது வைரமணிக்கு, விழுந்தது வேறொருவனுக்கு. அந்த வேறொருவனுக்கும் நண்பர்கள் இருந்தார்கள். வவ்வால் மாதக்கணக்கில் தூங்கியதற்கெல்லாம் சேர்த்துச் சிவப்பாக எரிந்து அலறியது. சௌந்தரவல்லியின் காதுக்குள் அந்தப் பெண் குரல், ‘ஏழு பி. பதினைந்து நிமிடத்துக்குள் மோதல் வரலாம்’ என்று நிதானமாகச் சொன்னது. பறந்து வந்த ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று அதிகாரியை நோக்கிப் போனபோது தலைமையாசிரியர் கையிலிருந்ததைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். கேடயம் என்ற பொருள் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அதற்கே அன்றைக்குப் பயன்பட்டது.

நடுவில் ஜெபசிங் அசையாமல் நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் வாயைத் திறந்தான்.

“எங்கம்மாவ நான் அம்மான்னுதான் சொல்லுவேன். உங்களுக்கு என்னல?”

ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். வகுப்பு அப்படியே நின்றது. அவன் மறுபடியும், இன்னும் பலமாக, அதையே சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதுகொண்டே சொன்னான்.

அதிகாரி சட்டையைச் சரிசெய்துகொண்டார். நசுங்கிய கேடயத்தைத் தலைமையாசிரியர் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பிறகு அது இரண்டாமிடம் வந்த பள்ளிக்கு, நிமிர்த்திக் கொடுக்கப்பட்டதாகக் கேள்வி.

சௌந்தரவல்லி ஜெபசிங், வைரமணி, மாசானம் மூன்று பேரையும் மைதானத்துக் கோல் கம்பத்தடியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். யாரையும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டார். மாசானம் கன்னத்தைக் காட்டினான். வைரமணி, “கை வலிக்கு டீச்சர்,” என்றான். ஜெபசிங் தொண்டையைத் தடவிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து வைரமணி அவன் பக்கம் திரும்பினான். “நீ ஏம்ல சிரிச்ச?”

“சிரிச்சா விட்டுருவீங்கன்னு நெனச்சேன்.”

“விடலயேல.”

“ஆமா. விடல.”

இரண்டு பேரும் அதைப் பற்றி யோசித்தார்கள். மாசானம் கடலைமிட்டாய் இருக்கிறதா என்று கேட்டான்.

ரோசம்மாள் அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கேட்டோடு நின்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பையன் அம்மாவோடு ஃபோனில் சண்டை போட்டானாம். ஏம்மா என்னை விட்டுட்டுப் போன, கிறிஸ்துமஸுக்கும் ஏம்மா வரமாட்டேங்க என்று வாக்கியத்துக்கு ஒரு அம்மா போட்டுத் திட்டித் தீர்த்தானாம். திட்டு வாங்கியவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில், தான் வேலை பார்க்கும் வீட்டாருக்கே அதை மொழிபெயர்த்துச் சொன்னாளாம்.

ஜனவரியில் நஸ்ரின் திரும்பி வந்தார். கருவிக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்திருந்தார். கூட்டம் சிரிக்கும்போது அதற்கு ஒரு நொடி முந்திச் சிரிப்பவர் யார் என்று இனி அது பார்க்கும். பிள்ளைகளிடம் விடுவதற்கு முன்னால் பெரியவர்களிடம் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆசிரியர் அறையில் ஒரு வவ்வால் தொங்கியது. அங்கே அதற்கு வேலை இருக்காது என்பதால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையோடு உள்ளே வந்தார். கேடயத்தை மாட்டுவதற்காக அவர் தன் அறைச் சுவரில் முன்கூட்டியே ஒரு ஆணி அடித்து வைத்திருந்த விஷயம் அன்று காலையில்தான் வெளியே தெரிந்திருந்தது. தமிழாசிரியர் ஆணியைப் பற்றி ஒரு வெண்பா சொன்னார். கணக்கு ஆசிரியர் ‘ஆகவே’ போட்டு அதற்கு விளக்கம் சொன்னார். “அதுல ஒரு கண்ணாடிய மாட்டுங்க சார். கேடயம் வாங்காத மொகம் எப்படியிருக்குன்னு தெனமும் பாத்துக்கிடலாம்,” என்றார் சௌந்தரவல்லி. எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் நன்றாகச் சிரித்தார். சுற்றறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

‘ஆசிரியர் அறை. ஒருவர்,’ என்றது காதுக்குள் அந்தப் பெண் குரல்.

சௌந்தரவல்லி நஸ்ரினின் கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். தமிழாசிரியரைப் பார்த்தார். அறிவியல் ஆசிரியையைப் பார்த்தார். எல்லோரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார். தான் அந்தக் கண்ணாடி வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அறையில் ஒரு சிரிப்பு கேட்டது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனார். தலைமையாசிரியர் தன் மேசையில் தனியாக உட்கார்ந்து கோப்பு எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்க டீச்சர். ஆணியப் பத்தி இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

சௌந்தரவல்லி சிரிக்கவில்லை. “இல்ல சார். சும்மா கொஞ்ச நேரம் உக்காரலாம்னு வந்தேன்,” என்றார்.

உட்காருவதற்கு இடமில்லை. எதிர் நாற்காலியில் கோப்புகள் அடுக்கியிருந்தன. கையெழுத்து வாங்க வருபவர்கள் நின்றுகொண்டே வாங்கிப்போவதால் அந்த நாற்காலி என்றைக்குமே காலியாக இருந்ததில்லை. தலைமையாசிரியர் அவசரமாக எழுந்து கோப்புகளை அள்ளினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அதற்குள் எங்கேயோ போய்விட்டது.

“அடுத்து உங்களுக்கு வகுப்பு இருக்கே டீச்சர்,” என்றார் மெதுவாக.

“இருக்கட்டும் சார்.”

மணி அடித்தது. சௌந்தரவல்லி காலியான நாற்காலியில் உட்கார்ந்தார்; தலைமையாசிரியரும் கோப்புகளைத் தரையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ஏழாம் வகுப்பு பி பிரிவு ஆசிரியை இல்லாமலே ஹாக்கி ஆடியது. நடுவில் ஒரு கோலைப் பற்றிப் பெரிய சண்டை வந்ததாகவும், ஜெபசிங்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினான் என்றும், கடைசியில் கோல் இல்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டதாகவும் வைரமணி வந்து சொன்னான்.